மாநிலங்களவைக் கதவுக்காரர் கொண்டுவந்த மசோதா

ரௌதேலா வருகிறார் என்று எங்கள் டீ அறையில் யாரும் சொன்னதில்லை. "கதவு வருது, டீ போடு" என்போம். அது அவர் காதிலும் விழும், ஆனால் கோபித்துக்கொண்டதில்லை. குந்தன் சிங் ரௌதேலா, குமாவுன் மலைக்காரர். மாநிலங்களவையின் லாபிக் கதவில் நிற்பது அவர் வேலை. வாக்கெடுப்பு என்று அவைத்தலைவர் சொன்னதும் கட்டடம் முழுக்க மணி அடிக்கும். அது அடித்துக்கொண்டிருக்கும் சில நிமிடத்துக்குள் உறுப்பினர்கள் எங்கே இருந்தாலும் ஓடி வந்து உள்ளே நுழைந்துவிட வேண்டும். மணி நின்றதும் ரௌதேலா கதவைச் சாத்துவார். அப்புறம் அமைச்சரே வந்தாலும் வெளியேதான்.

நான் மக்களவைப் பக்கம். அந்த வட்டமான பழைய கட்டடத்தில் பச்சைக் கம்பளம் எங்களுடையது, சிவப்புக் கம்பளம் அவர்களுடையது. டீ அறையில் கூப்பன் வாங்கிப் போடுகிறவள் நான். பெயர் சுதேஷ், பஞ்சாபிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். ரௌதேலாவை எனக்கு முதலில் அவ்வளவாகப் பிடிக்காது. வாயைத் திறந்தால் விதிமுறைதான் வரும். அவரைச் சீண்டுவது மட்டும் பிடிக்கும்.

"உங்க அவையில எல்லாரும் தூங்கி எழுந்தாச்சா ரௌதேலா ஜி? இங்க வந்து டீ குடிச்சுத்தான் முழிக்கணுமா?"

"எங்க அவை யோசிக்கிற அவை சுதேஷ் ஜி. நீங்க அவசரத்துல அள்ளித் தெளிச்சு அனுப்பறதை நாங்க உக்காந்து சரிபாக்கறோம்."

"ஜனங்க ஓட்டுப் போட்டு வந்தவங்க எங்க ஆளுங்க. உங்க ஆளுங்க எம்.எல்.ஏ.ங்க தயவுல வந்தவங்க."

"இருக்கட்டும். அஞ்சு வருஷத்துல மூட்டை கட்டறது யாரு? எங்க அவை கலையவே கலையாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மூணுல ஒரு பங்கு ஆளுங்க போவாங்க, அந்த இடத்துக்குப் புதுசா வருவாங்க. கடை எப்பவும் திறந்தே இருக்கும்."

இதைச் சொல்லிவிட்டு டீயை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று குடிப்பார். அவர்கள் பக்கத்திலும் டீ உண்டு. அதை விட்டுவிட்டு இந்த மனிதர் எதற்காகப் பாதி வட்டம் சுற்றி இங்கே வருகிறார் என்று நான் யோசித்ததே இல்லை. அத்தனை பேரின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு, டீயை ஊற்றிக் கொடுக்கிற ஓம்வதியின் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஓம்வதி ஹரியானாக்காரி. அவள் புருஷன் ராம்கிஷன் எங்கள் டீ அறையில்தான் இருந்தான். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்ததும் அவன் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். வந்த புதிதில் யாருடனும் பேசமாட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள், பிறகு என்னையே மிஞ்சிவிட்டாள். ஒரே மகன் மோஹித். முனிர்காவில் இரண்டு அறைக் குடித்தனம்.

ரௌதேலாவுக்கும் மனைவி இல்லை. அவள் நோயில் கிடந்தபோது பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்கிக் கொடுத்தது அவர் மலைப்பக்கத்து உறுப்பினர் ஒரு அம்மாள். அந்த அம்மாள் ஒருநாள் மணி நிற்கும் நேரத்தில் படியேறி வந்திருக்கிறார். முட்டி வலி, வேகமாக நடக்க முடியாது. கதவுக்கு நாலடி இருக்கும்போது மணி நின்றது. ரௌதேலா கதவைச் சாத்திவிட்டார். அந்த ஓட்டு இல்லாமலே அவர் கட்சி ஜெயித்தது என்பது வேறு விஷயம். அன்று எங்கள் டீ அறைக்கு வந்தவர் டீயைத் தொடவில்லை. "அவங்க ஒண்ணும் திட்டலை. 'சரியா செஞ்சே குந்தன்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. திட்டியிருந்தா தேவலை" என்றார். அவர் கோப்பையைச் சத்தமில்லாமல் எடுத்து, சூடாக வேறு ஊற்றி வைத்தாள் ஓம்வதி. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டிலும் அவர் அதே ஆள்தான். மகள் கரிமா பள்ளிக்கூடம் படிக்கும்போது டியூஷன் முடிந்து வர நேரமானால், கதவுத் தாழ்ப்பாள் விழுந்திருக்குமாம். பெண் படியில் உட்கார்ந்திருக்குமாம். கொஞ்ச நேரம் கழித்து அப்பா ஒன்றும் பேசாமல் திறந்துவிட்டு, ரொட்டியைச் சூடு பண்ணிக் கொடுப்பாராம். இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆண்டின் முதல் கூட்டத்தொடரில் குடியரசுத் தலைவர் வந்து மைய மண்டபத்தில் இரண்டு அவைக்கும் சேர்த்து உரை நிகழ்த்துவார். அன்றைக்கு எங்கள் ஆட்கள், அவர்கள் ஆட்கள் எல்லாருக்கும் அங்கே வேலை. உரை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நானும் ஓம்வதியும் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். ரௌதேலா கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார்.

"ஓம்வதி ஜி, ஒரு மசோதா கொண்டுவரலாம்னு இருக்கேன். அறிமுகம் செய்ய அவையோட அனுமதி வேணும்."

ஓம்வதி கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கவில்லை. "என்ன மசோதா? பண மசோதாவா?"

"பண மசோதான்னா உங்க அவையில இல்ல தொடங்கணும். நாங்க சிபாரிசு மட்டும்தான் பண்ண முடியும். இது சாதாரண மசோதா. என் மிச்ச வாழ்க்கை சம்பந்தப்பட்டது."

நான் கோப்பையைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

"அறிமுகம்தானே, பண்ணிக்கோங்க. அறிமுகமானதெல்லாம் சட்டமாவா ஆயிடுது?" என்று சொல்லிவிட்டு ஓம்வதி தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது அவள் காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

அதோடு நின்றது. மனிதர் மகளிடம் வாயே திறக்கவில்லை. வசந்தம் வந்தது, தேர்தல் அறிவித்தார்கள், எங்கள் மக்களவையைக் கலைத்தார்கள். டீ அறை காலியாகக் கிடந்தது. ஒருநாள் ரௌதேலா வந்தபோது ஓம்வதி அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அவை கலைஞ்சு போச்சு ரௌதேலா ஜி. நிலுவையில இருந்த மசோதாவெல்லாம் செத்துப்போச்சு. உங்களுதும்தான்."

"இல்ல ஓம்வதி ஜி." அவர் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். "மாநிலங்களவையில அறிமுகமாகி, இன்னும் அங்கேயே நிக்கிற மசோதா, மக்களவை கலைஞ்சாலும் சாகாது. உயிரோடதான் இருக்கும்."

விதிமுறை பேசுகிற அந்த வாயை அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது. ஓம்வதி இஞ்சியை நசுக்குகிற சாக்கில் நெடுநேரம் குனிந்தே இருந்தாள்.

"அப்ப உங்க அவையில முதல்ல நிறைவேத்திக்கிட்டு வாங்க. உங்க பொண்ணு என்ன சொல்றான்னு பாப்போம்" என்றாள் கடைசியில்.

அதற்கு முன்னால் தெரிவுக்குழுவாக என்னை அனுப்பினாள். மசோதாவை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்து அறிக்கை கொடுக்கிற குழு. நான் ஆர்.கே.புரத்தில் அவர் குவார்ட்டர்ஸுக்குப் போய் ராஜ்மா சோறு சாப்பிட்டுவிட்டு வந்து அறிக்கை கொடுத்தேன். "குளியலறை சுத்தம். ஃபேன் சத்தம் போடுது. ராஜ்மாவுல உப்பு கம்மி, கத்துக் கொடுத்துக்கலாம். பொண்ணு நல்லவ, ஆனா முறைக்கிறா."

கரிமா முறைத்ததோடு நிற்கவில்லை. பிடிவாதத்தில் அப்பனுக்குத் தப்பாத பெண். ஒரு வாரம் அப்பாவுடன் பேசாமல் இருந்துவிட்டு, சம்மதம் என்றாள், ஒரு திருத்தத்தோடு. அம்மாவின் படம் முன்னறைச் சுவரிலிருந்து இறங்கக் கூடாது. ரௌதேலா உடனே ஏற்றுக்கொண்டார். மசோதா முனிர்காவுக்குப் போனது.

அங்கே மோஹித். செல்போன் பழுதுபார்க்கிற கடையில் இருந்தான். அதிகம் பேசமாட்டான், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவன் அம்மாவிடம் சொன்னது இதுதான்: "அவங்க அம்மா படம் முன்னறையில இருக்கட்டும். எங்க அப்பா படமும் அதே சுவத்துல இருக்கணும். இல்லைன்னா நான் ஒத்துக்க மாட்டேன். நாளைக்கு அப்பாவோட திதின்னா யாரு வீட்டு மூலையில உக்காந்து கொடுக்கறது?"

திருத்தத்தோடு மசோதா ஆர்.கே.புரத்துக்குத் திரும்பியது. கரிமா கொதித்துப்போனாள். "யாரோ ஒரு ஆம்பளை படம் எங்க அம்மா பக்கத்துல தொங்கணுமா பப்பா? கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

மழைக்காலம் முழுக்க இப்படித்தான் போனது. புது மக்களவை வந்து உட்கார்ந்து, எத்தனையோ மசோதாக்கள் அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே போய்ச் சட்டமாகிவிட்டன. இந்த ஒன்று மட்டும் ஆர்.கே.புரத்துக்கும் முனிர்காவுக்கும் நடுவே ஆட்டோவில் அலைந்தது. படம் உள்ளறையில் இருக்கட்டும் என்று கரிமா ஒரு படி இறங்கினாள். முன்னறைதான் என்று மோஹித் நின்றான். ஓம்வதி இளைத்துப்போனாள். டீயில் சர்க்கரை போட மறந்தாள், இரண்டு தடவை போட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ரௌதேலா வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு அவையும் முட்டிக்கிட்டு நின்னா என்ன பண்ணுவாங்க? கூட்டுக் கூட்டம் போட மாட்டாங்களா? எல்லாரையும் ஒரே இடத்துல உக்கார வெச்சு, கை தூக்கச் சொல்லி, எந்தப் பக்கம் அதிகமோ அதை முடிவு பண்ணுங்க. நீங்க, ஓம்வதி, ரெண்டு பேரு ஆச்சு. நானும் கை தூக்கறேன். பசங்க ரெண்டும் ரெண்டு மூலையில நிக்கட்டும்."

ரௌதேலா தலையை ஆட்டினார். "சாதாரண மசோதான்னுதான் நானும் முதல்ல நெனச்சேன் சுதேஷ் ஜி. இது சாதாரண மசோதா இல்ல. குடும்பத்தோட சாசனத்தையே மாத்தறது. சாசனத் திருத்தத்துக்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது. ரெண்டு அவையும் தனித்தனியா, ஒரு எழுத்து மாறாம, ஒத்துக்கணும். அதுவும் மூணுல ரெண்டு பங்கு வேணும். எங்க வீட்டுல ரெண்டே பேரு, அவங்க வீட்டுல ரெண்டே பேரு. ஒருத்தர் மாட்டேன்னாலும் தோத்த மாதிரிதான்."

"அப்ப ரெண்டு பேரும் கிழவனும் கிழவியுமா டீ குடிச்சுக்கிட்டே இருங்க."

"பசங்களை எண்ணிக்கையில தோக்கடிச்சுட்டு நான் எப்படி அந்த வீட்டுல படுப்பேன்?" என்றார்.

மார்கழிக் குளிரில் ஒரு ஞாயிறு, அவர் எல்லாரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். கடைசி வாக்கெடுப்பு என்றார். இதற்கு மேல் யாரையும் இழுத்தடிப்பது நியாயம் இல்லையாம். அன்றைக்கு ஆம் என்றால் ஆம், இல்லையென்றால் மசோதாவை அவரே திரும்பப் பெற்றுக்கொள்வாராம். இதைச் சொன்ன அன்று அவர் டீக்குக் கூப்பன் கொடுக்காமலே போய்விட்டார். அப்படி ஒருநாளும் செய்யாத ஆள்.

ஓம்வதி அரக்கு நிறச் சால்வையும், கையில் கேரட் அல்வா டப்பாவுமாக வந்தாள். கூட நான். மோஹித் இல்லை. "கடையில ஒரு வேலை இருக்கு, வந்துடறேன்னான்" என்றாள். அவள் முகமே அது பொய்யாக இருக்கலாம் என்று சொன்னது.

கரிமா சமைத்திருந்தாள். பூரி, உருளைக்கிழங்கு, அவர்கள் மலைப்பக்கத்துப் பாங் விதைச் சட்னி. தட்டுக்கு நடுவே அல்மோராவிலிருந்து வந்த கரும்பழுப்புக் கோவா மிட்டாய். முன்னறைச் சுவரில் அவள் அம்மா, மூக்கில் பெரிய நத்தோடு, சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு என்று பேச்சு. பன்னிரண்டு ஆனது. யாரும் உட்காரவில்லை. பூரி உப்பல் அடங்கிச் சப்பையானது.

வெளிக்கதவு விரியத் திறந்திருந்தது. ரௌதேலா அதன் பக்கத்தில் ஒரு பிரம்பு மோடாவைப் போட்டு உட்கார்ந்திருந்தார். குளிர்காற்று நேராக உள்ளே வந்தது. பக்கத்து வீட்டு நாய் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

"பப்பா, எல்லாரும் நடுங்கறாங்க. கதவைச் சாத்துங்க. வந்தா தட்டட்டும்" என்றாள் கரிமா.

அவர் அசையவில்லை.

"நேரம் ஆச்சு பப்பா. மணி நின்னாச்சு. நீங்க சொல்றதுதானே, நின்னாச்சுன்னா யாரா இருந்தாலும் வெளியேதான்."

"இருக்கட்டும்மா."

"அவன் வரலைன்னா?"

"வர்ற வரைக்கும்."

கரிமா கையிலிருந்த கரண்டியை மேசை மேல் வைத்தாள். "எனக்கு ஒருநாள்கூட இப்படித் திறந்து வெச்சதில்லையே நீங்க." சத்தமாகச் சொல்லவில்லை. எங்களுக்குக் கேட்டது.

ரௌதேலா திரும்பி மகளைப் பார்த்தார். "தப்புத்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். விதி எண் சொல்லவில்லை, காரணம் சொல்லவில்லை. ஓம்வதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் ஐஸாக இருந்தது.

கரிமா உள்ளே போனாள். கதவை அறைந்து சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு கம்பளியோடு வந்து அப்பாவின் தோளில் போட்டுவிட்டு, தானும் ஒரு மோடாவை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பூரி எல்லாம் ஆறிப்போன பிறகு படியில் காலடி கேட்டது. மோஹித். கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒரு படச்சட்டம். வாசலுக்கு வெளியேயே நின்றுவிட்டான். திறந்த கதவு, அதை ஒட்டிக் கம்பளி போர்த்திய மனிதர், உள்ளே தொடாத தட்டுகள், எல்லாவற்றையும் பார்த்தான். அம்மா சொல்லிச் சொல்லி அவனுக்கும் அந்தக் கதவுக் கதையெல்லாம் தெரியும்.

"மணி நின்னு போச்சா அங்கிள்?"

"இன்னும் அடிக்கவே ஆரம்பிக்கலைப்பா" என்றார் ரௌதேலா.

மோஹித் கீழே பார்த்தான். "பஸ் ஸ்டாப்புலதான் இத்தனை நேரம் உக்காந்திருந்தேன். திரும்பிப் போயிடலாம்னு. இது இல்லாம நான் உள்ள வர முடியாது அங்கிள். இது உள்ள வந்தாத்தான் நான் வருவேன்."

எல்லாரும் கரிமாவைப் பார்த்தோம். ரௌதேலா மட்டும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஓட்டு அவளுடையது, முகத்தைப் பார்த்து அதைக் கெஞ்சி வாங்கக் கூடாது என்று நினைத்திருப்பார்.

கரிமா எழுந்து போய் வாசலில் நின்று கையை நீட்டினாள். மோஹித் தயங்கிக் கொடுத்தான். அவள் செய்தித்தாளைப் பிரித்தாள். ராம்கிஷன், டீ அறை வெள்ளைச் சட்டையில், கையில் தட்டோடு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிச் சிரித்தபடி. நான் எடுத்த படம் அது. பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இவரு சிரிக்கிறாரு" என்றாள் கரிமா. துப்பட்டா முனையால் கண்ணாடியைத் துடைத்தாள். "எங்க அம்மா படத்துல சிரிக்கவே இல்ல. யாராவது ஒருத்தர் சிரிக்கட்டும். பப்பா, சுத்தியல் எங்க?"

"அம்மாவுக்குக் கீழயா மாட்டறது?" என்று கேட்டான் மோஹித், நம்பாமல்.

"பக்கத்துல."

"சுவத்துலன்னுதானே நான் கேட்டேன். பக்கத்துலன்னு கேக்கலையே."

"அப்ப இது புதுத் திருத்தம். மறுபடி உங்க அவைக்குப் போகணுமா?"

"வேண்டாம் தாயே, அலைஞ்சது போதும்" என்று சொல்லி ஓம்வதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "ஒத்துக்கறோம். எங்க அவை ஒத்துக்குது. டேய், சொல்லுடா."

"ஒத்துக்கறேன்" என்றான் மோஹித். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

கரிமா நாற்காலி மேல் ஏறி ஆணி அடித்தாள். மோஹித் படத்தைக் கீழே இருந்து தூக்கிக் கொடுத்தான். கோணலாக இருக்கிறது, இடது பக்கம் இறக்கு, இல்லை ஏற்று என்று இரண்டும் அப்போதே சண்டையை ஆரம்பித்துவிட்டன. நான் பூரிகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன், சூடு பண்ண. போகும்போது திரும்பிப் பார்த்தேன்.

ரௌதேலா மோடாவை விட்டு எழுந்தார். அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், சுவரில் இருந்த இருவரையும் சேர்த்து. அப்புறம் போய்க் கதவைச் சாத்தினார்.